போட்டோஷாப் திடீர்னு நின்னு போச்சா? பார்மட் போடுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துருங்க

உசிலம்பட்டில ஸ்டூடியோ வச்சிருக்கிற ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி காசு குடுத்து சிடியோட வாங்குன போட்டோஷாப் சிஎஸ்3, கூட பிகாசா (போட்டோவை அடுக்கிப் பாத்து சின்னத் திருத்தம் பண்ற கூகுள் சாப்ட்வேர்), இந்த ரெண்டுலதான் அவரு தொழிலே ஓடுது. மெஷின்ல விண்டோஸ் 10. போன வாரம் கரண்ட் போய்ப் போய் வந்துச்சாம், மறுநாள்ல இருந்து போட்டோஷாப் லோகோ வந்து அப்படியே நிக்குதாம். பிகாசா திறக்குது, ஆனா பாதி போல்டரைக் காணோமாம். மதுரைல ஒரு சர்வீஸ் கடைல காமிச்சதுக்கு "சாப்ட்வேர் பழசாயிருச்சு, பார்மட் போட்டு எல்லாத்தையும் புதுசா ஏத்திரலாம்"னு சொல்லிருக்காங்க. ஆவணி முகூர்த்தத்துக்குள்ள கல்யாண ஆல்பமும் காதுகுத்து ஆல்பமும் குடுத்தாகணும், என்ன பண்றதுன்னு கேக்குறாரு.

அண்ணே, மொதல்ல பார்மட்டுக்கு சரின்னு சொல்லிராதீங்க. சொல்லிட்டீங்கன்னா உடனே போன் போட்டு நிறுத்துங்க.

ஏன்னா உங்க சிஎஸ்3 வந்தது 2007ல. அதை இன்ஸ்டால் பண்ணா இன்டர்நெட் வழியா, போட்டோஷாப்ப செஞ்ச அடோபி கம்பெனி சர்வர்ல ஆக்டிவேட் ஆகணும், அப்பத்தான் ஓடும். அந்த சர்வரை அடோபி எப்பவோ மூடிட்டாங்க. சிஎஸ்2, சிஎஸ்3 ரெண்டையும் ஒரிஜினல் சிடி கையில இருந்தாலும் திரும்ப இன்ஸ்டால் பண்ண முடியாதுன்னு அவங்களே அறிவிச்சிட்டாங்க. அதாவது இப்ப உங்க மெஷின்ல ஆக்டிவேட் ஆகி உக்காந்திருக்கு பாருங்க, அதுதான் உங்ககிட்ட இருக்கிற ஒரே சிஎஸ்3. பார்மட் போட்டா அது போயிரும், சிடி இருக்கு சீரியல் நம்பர் இருக்குன்னு சொல்லி பிரயோஜனம் இல்ல. பார்மட் போடச் சொன்னவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, மத்த சாப்ட்வேருக்கு அது சரியாத்தான் வரும், இதுக்கு வராது. அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போட்டுப் பாப்போம்னு யாராவது சொன்னாலும் அதே கதைதான், விட்றாதீங்க.

இன்னொன்னு, சாப்ட்வேர் வயசானதால நிக்காது. போன மாசம் ஓடுன அதே ஃபைலுதான் இன்னைக்கும் டிஸ்க்ல கிடக்கு. அதைச் சுத்தி ஏதோ ஒன்னு மாறிருக்கு, விண்டோஸ் அப்டேட்டா, ஃபான்ட்டா, பிரின்டரா, தேதியா, டிஸ்க்கேவா, அதைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

ஆனா அதுக்கும் முன்னாடி டிஸ்க்க பாக்கணும். கரண்ட் போய்ப் போய் வந்த மெஷின்ல நான் இதைத்தான் மொதல்ல பாப்பேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கு, போட்டீங்கன்னா டிஸ்க் நல்லா இருந்தா "குட்"னு காட்டும், இல்லைன்னா "காஷன்"னோ "பேட்"னோ காட்டும். காஷன் வந்தாலோ, டிஸ்க்ல இருந்து டக்கு டக்குன்னு சத்தம் வந்தாலோ வேற எதையும் தொடாதீங்க, டிஸ்க்ல தப்பு தேடிச் சரி பண்ற விண்டோஸோட செக் டிஸ்க் கூட ஓட்டாதீங்க, ஏன்னா சாகப்போற டிஸ்க்க அது இன்னும் போட்டு வதைக்கும். மொதல்ல எல்லாத்தையும் காப்பி எடுங்க. டிஸ்க் நல்லா இருந்தாலும் காப்பி எடுத்துட்டுத்தான் மத்தது.

காப்பின்னா போட்டோ போல்டர மட்டும் இல்ல, இங்கதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. கல்யாண ஆல்பத்தோட பிஎஸ்டி ஃபைலு (லேயரோட இருக்கிற போட்டோஷாப் ஃபைலு) சரி, அதுகூட சி டிரைவ்ல யூசர்ஸ் போல்டருக்குள்ள உங்க பேர்ல ஒரு போல்டர் இருக்கும், அதுக்குள்ள ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, போட்டோஷாப், 10.0ன்னு போனா சிஎஸ்3 செட்டிங்ஸ் போல்டர் வரும் (ஆப்டேட்டா மறைஞ்சிருக்கும், வியூல போய் ஹிட்டன் ஐட்டம்ஸ டிக் பண்ணுங்க). ஒரே அமுக்குல பல வேலையைத் தொடர்ச்சியா செய்யுறதுக்கு நீங்க வருஷக்கணக்கா செஞ்சு வச்ச ஆக்‌ஷன் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. ஸ்கின் டோன் சரி பண்ண ஒரு ஆக்‌ஷன், பார்டர் போட ஒரு ஆக்‌ஷன்னு வச்சிருப்பீங்கல்ல, சாப்ட்வேரை விட அதுதான் உங்க சொத்து. அடுத்து ஃபான்ட்ஸ் போல்டர், முழுசா. கூட ஆப்டேட்டால லோக்கல், கூகுள்னு போனா பிகாசா2, பிகாசா2ஆல்பம்ஸ்னு ரெண்டு போல்டர் இருக்கும், அதையும் எடுத்துக்கங்க. முடிஞ்சா குளோன்ஜில்லான்னு ஒரு இலவச சாப்ட்வேர் வச்சு டிஸ்க் முழுசையும் ஒரு இமேஜா எடுத்து வெளி ஹார்ட் டிஸ்க்ல போட்டுக்கிறது நல்லது, அது கொஞ்சம் தெரிஞ்சவங்க கையால செய்யணும்.

இப்ப லோகோவுக்கு வருவோம். போட்டோஷாப் திறக்கையில அந்த லோகோ அட்டைல கீழ சின்னச் சின்ன எழுத்துல வரி வரியா ஓடும், யாரும் அதைப் படிக்கிறதே இல்ல, ஆனா எங்க சிக்குதுன்னு அதுவே சொல்லிரும். நிக்கிற எடத்துல என்ன எழுதிருக்குன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

"ரீடிங் பிரிபரன்சஸ்"னு நின்னா செட்டிங்ஸ் ஃபைல் கெட்டிருக்கு. எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போனா இதுதான் மொதல்ல அடிவாங்கும். போட்டோஷாப்ப டபுள் கிளிக் பண்ண அடுத்த நொடியே கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூணையும் சேத்து அமுக்கிப் பிடிங்க, செட்டிங்ஸ் ஃபைலை அழிக்கவான்னு கேக்கும், எஸ் குடுங்க. பேனல் எல்லாம் அங்கிட்டு இங்கிட்டு மாறி புதுசு மாதிரி வரும், பயப்படாதீங்க. ஆக்‌ஷன் காணாமப் போனா அதுக்குத்தான் முன்னாடியே காப்பி எடுக்கச் சொன்னேன்.

ஃபான்ட் படிக்கிற எடத்துல நின்னா, கடைசியா ஏத்துன ஃபான்ட் மேல சந்தேகப்படுங்க. நம்ம ஊரு ஸ்டூடியோல இது ரொம்ப சாதாரணம், மொய் விருந்து ஃப்ளெக்ஸ்க்கு ஒரு டிசைன் வேணும்னு எவனோ பென்டிரைவ்ல குடுத்த நூறு இருநூறு ஃபான்ட்ட மொத்தமா ஏத்திருப்போம், அதுல ஒன்னு கெட்டிருந்தா போதும், போட்டோஷாப் அதையே முறைச்சுப் பாத்துட்டு நிக்கும். புதுசா ஏத்துனதை எல்லாம் வேற ஒரு போல்டருக்குக் காப்பி எடுத்துட்டு ஃபான்ட்ஸ்ல இருந்து தூக்குங்க. அப்புறம் சி டிரைவ்ல அடோபிஎஃப்என்டின்னு ஆரம்பிச்சு எல்எஸ்டின்னு முடியுற ஃபைல் சிலது கிடக்கும், தேடி அழிச்சிருங்க, அது வெறும் ஃபான்ட் பட்டியல்தான், திறக்கும்போது தானா புதுசா எழுதிக்கும்.

"பில்டிங் ட்வெய்ன் மெனு ஐட்டம்ஸ்"னு நின்னா அது ஸ்கேனர் சமாச்சாரம். சிஎஸ்3ல எனக்கு ரொம்ப சந்தேகம் வர்ற வரி இதுதான். பழைய ஸ்கேனர கழட்டிப் போட்டிருப்போம், டிரைவர் மட்டும் உள்ள இருக்கும், இல்லைன்னா விண்டோஸ் அப்டேட்ல டிரைவர் மாறிருக்கும், போட்டோஷாப் அதைக் கூப்பிட்டு கூப்பிட்டுப் பதில் வராம உக்காந்திருக்கும். புரோகிராம் ஃபைல்ஸ்ல போட்டோஷாப் போல்டருக்குள்ள பிளக்இன்ஸ், இம்போர்ட் எக்ஸ்போர்ட்னு போனா ட்வெய்ன்_32ன்னு ஒரு ஃபைல் இருக்கும், அது பேருக்கு முன்னாடி ஒரு டில்டே குறி (~) போட்டுட்டா போட்டோஷாப் அதை விட்டுட்டுப் போயிரும். ஸ்கேன் பண்ண ஸ்கேனரோட சொந்த சாப்ட்வேர வச்சுக்கங்க.

எதுலயும் சேராம ரொம்ப நேரம் இழுத்து இழுத்துத் திறந்தா டிஃபால்ட் பிரின்டர் என்னன்னு பாருங்க. ஆஃப் ஆகிக் கிடக்கிற பிரின்டரோ, நெட்வொர்க்ல இப்ப இல்லாத பிரின்டரோ டிஃபால்ட்டா இருந்தா பழைய போட்டோஷாப் அதுக்காகக் காத்துட்டு இருக்கும். மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்ப டிஃபால்ட்டா மாத்திட்டுத் திறந்து பாருங்க. "ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்"னு சொன்னா சி டிரைவ்ல எடம் இல்ல, போட்டோஷாப் டெம்ப்னு பேரு வச்ச பெரிய பெரிய ஃபைலுங்க கரண்ட் போனப்ப அழியாமத் தங்கிருக்கும், போட்டோஷாப்ப மூடிட்டு அதை அழிங்க.

லைசென்ஸ் நின்னுருச்சுன்னு மெசேஜ் வந்தா மட்டும் அவசரப்படக் கூடாது, பைய செய்யணும். ஸ்டார்ட்ல சர்வீசஸ்னு டைப் பண்ணித் திறந்து, ஃப்ளெக்ஸ்நெட் லைசென்சிங் சர்வீஸ்னு ஒன்னு இருக்கான்னு பாருங்க, டிசேபிள்னு இருந்தா மேனுவல்னு மாத்தி ஸ்டார்ட் குடுங்க. சிஎஸ்3யோட லைசென்ஸ அதுதான் பாத்துக்குது. மெஷின வேகமாக்குறேன்னு சொல்லி தேவையில்லாத சர்வீஸ நிறுத்துற சாப்ட்வேர் இதையும் சேத்து நிறுத்திரும். சிஸ்டம் ரீஸ்டோர் (விண்டோஸ பழைய தேதி நிலைமைக்குக் கொண்டு போறது) போடலாமான்னு கேட்டா, அதைக் கடைசிக்குத் தள்ளுங்கன்னுதான் சொல்வேன், லைசென்ஸ் ஃபைலும் சேந்து பின்னாடி போய்க் குழம்ப வாய்ப்பு இருக்கு.

தேதியையும் பாத்துருங்க. பழைய மெஷின்ல மதர்போர்டுல காசு சைஸ்ல சிஆர்2032ன்னு ஒரு பேட்டரி இருக்கும், அது தீந்து போயிருந்தா கரண்ட் போறப்ப எல்லாம் தேதி பல வருஷம் பின்னாடி போய் நிக்கும். குரோமைத் திறந்தா கடிகாரம் பின்னாடி இருக்குன்னு சொல்லி எந்த பக்கமும் வராது, அதுதான் அடையாளம். லைசென்ஸ் பாக்குற சாப்ட்வேர், டாங்கிள் (யுஎஸ்பில சொருகுற லைசென்ஸ் சாவி) போட்டு ஓடுற ஆல்பம் சாப்ட்வேர் எல்லாம் இதுல முரண்டு பிடிக்கும். வாட்ச் கடைலயே கிடைக்கிற 3 வோல்ட் பேட்டரிதான், மாத்திட்டு தேதிய சரி பண்ணுங்க.

இது எதுவும் இல்லைன்னா, ஸ்டார்ட்ல ரிலையபிலிட்டின்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க, ரிலையபிலிட்டி ஹிஸ்டரின்னு ஒன்னு வரும். நாள் வாரியா எந்த அப்டேட் ஏறுச்சு, எந்த சாப்ட்வேர் எப்ப விழுந்துச்சுன்னு சிவப்புப் பெருக்கல் குறியோட காட்டும். போட்டோஷாப் மொதல் தடவை விழுந்த நாளுக்கு முன்னாடி என்ன ஏறிருக்குன்னு பாத்து, அந்த ஒன்ன மட்டும் எடுத்துட்டுப் பாக்கலாம்.

பிகாசா கதை வேற. கூகுள் 2016 மார்ச்லயே அதைக் கைவிட்டுட்டாங்க, ஆனா அது யாரையும் கேட்டு ஓடுற சாப்ட்வேர் இல்லாததால இன்னைக்கும் ஓடும். போல்டர் காணோம்னா போட்டோ போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, பிகாசாவோட பட்டியல் கெட்டிருக்கலாம். மொதல்ல விண்டோஸ் போல்டர்லயே போய் போட்டோ இருக்கான்னு பாருங்க, டிஸ்க் நல்லா இருந்தா பெரும்பாலும் இருக்கும். அப்புறம் டூல்ஸ்ல ஃபோல்டர் மேனேஜர்ல அந்த டிரைவ் டிக் ஆகிருக்கான்னு பாருங்க, டிரைவ் எழுத்து மாறிப்போனா கூட காணாமப் போகும். அன்இன்ஸ்டால் மட்டும் பண்ணாதீங்க, மீறிப் பண்ணா டேட்டாபேஸ அழிக்கவான்னு கேக்குற எடத்துல நோ குடுங்க.

இதுல முக்கியமான ஒன்னு இருக்கு. பிகாசால நீங்க கிராப் பண்ணது, கலர் ஏத்துனது எல்லாம் போட்டோவுல எழுதாது, ஒவ்வொரு போல்டர்லயும் மறைஞ்சு கிடக்கிற பிகாசா ஐஎன்ஐ ஃபைல்லதான் குறிப்பு எழுதி வைக்கும். சேவ் குடுத்தாத்தான் போட்டோவுக்குள்ள ஏறும், அப்பவும் பழைய போட்டோவ பிகாசாஒரிஜினல்ஸ்னு மறைஞ்ச போல்டர்ல பத்திரமா வச்சிரும். அதனால வெறும் ஜேபெக்க மட்டும் காப்பி எடுத்தா ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்ச கரெக்‌ஷன் அத்தனையும் வராது. மறைஞ்ச ஃபைலோட சேத்து போல்டர அப்படியே தூக்குங்க. பிகாசா திறக்குற வரைக்கும் திறக்கட்டும், அதுக்குள்ள முடிச்ச வேலையெல்லாம் எக்ஸ்போர்ட் குடுத்து தனி போல்டர்ல எடுத்து வச்சுக்கங்க.

ஆவணிக்குள்ள சிஎஸ்3 எழுந்திரிக்கவே இல்லைன்னா ஆல்பம் நிக்க வேண்டியதில்ல. போட்டோபியான்னு பிரவுசர்லயே ஓடுது, உங்க பிஎஸ்டிய லேயரோட திறக்கும், கிம்ப் இலவசம், அதுவும் திறக்கும். ஆனா தமிழ் எழுத்துல கவனமா இருங்க. சிஎஸ்3ல யூனிகோட் தமிழ் அடிச்சா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு போகும், அதனால நம்ம எல்லாரும் பாமினி மாதிரி ஃபான்ட்லதான் பொண்ணு மாப்பிள்ளை பேரு அடிச்சிருப்போம். அந்த ஃபான்ட் இல்லாத எடத்துல திறந்தா பேரு இருந்த எடத்துல இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா நிக்கும். ஃபான்ட்ட ஏத்திட்டுத் திறங்க, பிரின்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேரையும் வாய் விட்டுப் படிச்சுப் பாருங்க.

கிராக் போட்ட புது போட்டோஷாப் ஏத்தித் தாரேன்னு யாராவது சொன்னா வேணாம்ணே. அதைப் போடுறதுக்கு ஆன்டிவைரஸ அணைக்கச் சொல்வாங்க, அதே மெஷின்லதான் ஊரு மொத்தக் கல்யாணமும் கிடக்கு, ஃபைல் அத்தனையும் பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ் உள்ள வந்தா எந்த வீட்டுக்கும் பதில் சொல்ல முடியாது.

சிஎஸ்3 எழுந்துருச்சுன்னா அந்த மெஷின இன்டர்நெட்ல இருந்து கழட்டிருங்க. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, நெட் இல்லாட்டா அப்டேட் வந்து எதையும் மாத்தாது, நெட் வழியா வெளிய இருந்தும் எதுவும் உள்ள வராது. மெயில், வாட்ஸ்அப், பிரின்ட் லேபுக்கு ஃபைல் அனுப்புறதை எல்லாம் வேற ஒரு மெஷின்ல வச்சுக்கங்க. ஒரு நல்ல யுபிஎஸ் போடுங்க, பேட்டரி இருக்கான்னு பிளக்க புடுங்கி சோதிச்சுப் பாத்து வாங்குங்க. முடிஞ்ச ஆல்பத்தை பிஎஸ்டியோட சேத்து ஃபுல் சைஸ் ஜேபெக்காவும் ரெண்டு டிஸ்க்ல வச்சுக்கங்க, அதுல ஒன்னு ஸ்டூடியோல இல்லாம வீட்ல இருக்கட்டும். லோகோல நிக்கிற வரிய போட்டோ எடுத்தீங்கன்னா அனுப்புங்க, அதைப் பாத்துட்டு அடுத்தது என்னன்னு சொல்றேன்.