பெரட்டி நாவல் படித்தபின் குழுவில் பயம்: அடுத்த கூட்டத்துக்கு

சகோதரி, தேவதூதர்களும் பிசாசுகளும் மோதும் கதையான பிராங்க் பெரட்டியின் ‘திஸ் ப்ரெசன்ட் டார்க்னஸ்’ (1986) நாவலைப் படித்ததும் உங்கள் வாசிப்புக் குழுவில் பாதிப்பேருக்கு உற்சாகம், பாதிப்பேருக்குப் பயம் என்றீர்கள். “ஜெபிக்க ஆள் குறைந்தால் தூதர்கள் தோற்றுவிடுவார்களா?” என்று ஒருவர் கலங்குகிறாரே, அவருடைய கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.

கதையில் ஆஷ்டன் ஊர்ச் சபையார் ஜெபிக்க ஜெபிக்கத் தூதர்களுக்குப் பலம் ஏறுகிறது. ஜெபம் குறைந்தால் என்னாகுமோ என்ற பதைப்பில்தான் சஸ்பென்ஸே நிற்கிறது. அதை உபதேசமாக எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். வேதாகமத்தில் தானியேல் 10:12, 13ஐச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் நாளிலேயே தானியேலின் வேண்டுதல் கேட்கப்பட்டது. பதிலோடு வந்த தூதனுக்கு 21 நாள் தடை இருந்தது. அவனுக்கு உதவிக்கு வந்தவன் பிரதான தூதனாகிய மிகாவேல். தானியேலின் ஜெபம் தூதனைப் பலப்படுத்தியதாக ஒரு வரிகூட அங்கே இல்லை! இதற்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தன் கோபத்துக்கும் சோம்பலுக்கும் பிசாசைக் காரணம் காட்டுகிறவர் இருந்தால் அவனவன் தன் சொந்த இச்சையினாலேயே சோதிக்கப்படுகிறான் என்கிற யாக்கோபு 1:14 போதும். அதை நீட்ட வேண்டாம்.

பயந்தவர்கள் மீதி அத்தியாயங்களைப் பகலில் படிக்கட்டும். 1989இல் வந்த தொடர்ச்சியை இப்போதைக்குக் கையில் கொடுக்காதீர்கள்.