குட்டி இன்ஜின் பட்டறை: வாசகர் கேள்விகள்

விருதுநகர் வாசகர்: வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஹெச்ஓ அளவில் ஒரு அமெரிக்க 4-6-2 (முன்னால் 4 சின்னச் சக்கரம், நடுவில் 6 பெரிய சக்கரம், பின்னால் 2 சின்னச் சக்கரம்) நீராவி இன்ஜின் மாடல் வாங்கி வந்திருக்கிறான். சின்ன வயதில் எங்கள் ஊர் வழியாகப் போன ஒய்பி இன்ஜினாக அதை மாற்ற முடியுமா?

பதில்: கத்தியை எடுப்பதற்கு முன் கால்குலேட்டரை எடுங்கள். ஹெச்ஓ என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அது 1,435 மி.மீ. அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளுக்குச் சரியாக வரும். ஒய்பி மீட்டர்கேஜ் இன்ஜின். 1,000-ஐ 87-ஆல் வகுத்தால் பதினொன்றரைதான் வருகிறது. மீட்டர்கேஜ் பிரியர்களுக்காகவே 12 மி.மீ. தண்டவாளம் தனியாக விற்கிறார்கள். ஹெச்ஓஎம் என்று கேட்க வேண்டும்.

சக்கரத்திலும் இதே சிக்கல்தான். ஒய்பியின் பெரிய சக்கரம் 4 அடி 6 அங்குலம். ஹெச்ஓவில் அது 16 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. உங்களிடம் இருக்கும் அமெரிக்க பாசஞ்சர் இன்ஜினின் சக்கரம் 73 அங்குல வகை என்றால் 21 மி.மீ.யைத் தாண்டும். சக்கரத்தை மாற்றினால் சேசிஸை மாற்ற வேண்டும், பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். கடைசியில் மகன் வாங்கி வந்ததில் மோட்டாரும் அட்டைப்பெட்டியும்தான் மிஞ்சும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் டபிள்யூபி செய்வேன். அகலப்பாதையில் எக்ஸ்பிரஸ் இழுத்த, கூம்பு மூக்கு வைத்த அதே இன்ஜின். அதன் முதல் வண்டிகள் 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்தவை. அதனால் உங்கள் அமெரிக்க இன்ஜினோடு அதற்கு ரத்த சம்பந்தம் உண்டு. பெரிய சக்கரம் 5 அடி 7 அங்குலம், ஹெச்ஓவில் பத்தொன்பதரை மி.மீ. உங்களுடையது ஒன்றரை, இரண்டு மி.மீ. பெரிதாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளலாம். நம் அகலப்பாதை 1,676 மி.மீ. என்பதால் தண்டவாளம் 19 மி.மீ.க்கு மேல் இருந்திருக்க வேண்டும். 16.5-ல் ஓடும்போது நேர் எதிரே குனிந்து பார்ப்பவருக்கு இன்ஜின் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது தெரியும். பக்கவாட்டில் பார்ப்பவருக்குத் தெரியாது. பக்கவாட்டில் பார்க்கும்படி அலமாரியில் வையுங்கள்.

மூக்குக்கு எம்-சீல் போதும். ஒரு மர உருளையைக் கை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளால் கூம்பாகத் தேயுங்கள். அதன்மேல் எம்-சீலை மெல்லியதாகப் பூசி, மறுநாள் மறுபடி தேயுங்கள். நடுவில் விளக்குக்கு ஒரு குழி. பாய்லரின் மேல்பக்கம் புகைபோக்கியிலிருந்து பின்னால் ஓடும் உறையை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டலாம். அமெரிக்க வண்டியில் பக்கவாட்டு பஃபர் (வண்டிகள் மோதும்போது இடியைத் தாங்கும் வட்டத் தட்டு) இருக்காது, நம் வண்டியில் இரண்டு உண்டு. அதை மறந்துவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு ஓய்வுபெற்ற கார்டு வந்து கண்டுபிடித்துவிடுவார்.

கும்பகோணம் வாசகி: என் இன்ஜின் புது ஸ்கூட்டர்போலப் பளபளக்கிறது. நிஜ இன்ஜின் மாதிரி அழுக்காக்க ஆசை. கறுப்புப் பெயின்ட் அடித்தேன். இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: சுத்தக் கறுப்பு எந்த இன்ஜினிலும் இல்லை. வெயிலில் நிற்கும் பெரிய பொருளைத் தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பும் சாம்பலாகத்தான் தெரியும். கறுப்பில் கொஞ்சம் வெள்ளையும் துளி பழுப்பும் கலந்து அடியுங்கள். அதன்மேல் மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பு இல்லாதது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். என் அப்பா விழுப்புரம் ஷெட்டில் ஃபயர்மேன். இன்ஜினில் எந்த இடம் எதனால் அழுக்காகிறது என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. புகைபோக்கியைச் சுற்றியும் பாய்லரின் முதுகிலும் புகைக்கரி. அது மேலிருந்து படிவது, பக்கங்களுக்கு அவ்வளவாக இறங்காது. பாதுகாப்பு வால்வுக்குக் கீழேயும், பாய்லரைக் கழுவும் பிளக்குகளுக்குக் கீழேயும் வெள்ளை வழிசல். தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு, நீர் ஆவியாகிப் போனபின் தங்கிவிடுகிறது. உப்புத்தண்ணீர் ஊர்களில் ஓடிய வண்டிக்கு அது இன்னும் அதிகம். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தில் பிரேக் தூளின் செம்பழுப்பு. புகைப்பெட்டிக் கதவின் அடிப்பக்கம் சாம்பல் நிறம், அங்கேதான் சாம்பலை அள்ளிக் கொட்டுகிறார்கள். இணைப்புத் தண்டுகளில் மட்டும் துரு கூடாது. அங்கே எப்போதும் எண்ணெய் இருக்கும். மேட் வார்னிஷ் அடித்த பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் பளபள வார்னிஷைத் தொட்டு வையுங்கள். இந்த ஒரு காரியத்தை எத்தனையோ பேர் செய்வதில்லை. அதனால்தான் அவர்களுடைய இன்ஜின் ஓடும் இன்ஜினாக இல்லாமல் காயலான் கடைக்குப் போகும் இன்ஜினாகத் தெரிகிறது.

செய்முறை சுலபம். ஓவியக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் வண்ணத்தை நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. உடனே ஈரப் பஞ்சால் பெரும்பகுதியைத் துடைத்துவிடுங்கள். மூலைகளிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் தங்குவது தங்கட்டும். காய்ந்தபின் இன்னொரு நிறம். ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. அதற்காக மாதச் சம்பளத்தைக் கொட்ட வேண்டாம்.

சுண்ணாம்பு வழிசலுக்கு விபூதி தூவலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தூவலாம், அழகாகவே இருக்கும். ஆனால் மேலே வார்னிஷ் அடித்த நிமிடம் காணாமல் போய்விடும். வெள்ளைப் பொடி எதுவாக இருந்தாலும் ஈரம் பட்டால் நிறம் மங்கும். வழிசலை வண்ணத்தில் தீட்டிவிட்டு, கடைசியில் மேலாகக் கொஞ்சம் பொடி தொட்டு அப்படியே விட்டுவிடுங்கள். விரல் படாத இடம்தானே.

இன்னொன்று: அழுக்காக்கும் முன் ஒரு போட்டோவைக் கண்முன் வையுங்கள், ஒரே இன்ஜினின் ஒரே போட்டோ. மற்றவர் செய்த மாடலைப் பார்த்துச் செய்தால், அவர் செய்த தப்பும் சேர்ந்து வரும். விசேஷ வண்டி இழுக்கப் போகும் இன்ஜினை ஷெட்டில் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் அனுப்புவார்கள். அது எண்ணெய்ப் பளபளப்பில், நம்பர் மட்டும் பளிச்சென்று நிற்கும். அதையும் செய்யலாமே? எல்லா இன்ஜினும் ஏன் துருப்பிடித்துச் சாக வேண்டும்?

மதுரை வாசகர்: புகை வரும் யூனிட் பொருத்தலாமா?

பதில்: வேண்டாம். சூடேறிய எண்ணெய்தான் புகையாக வருகிறது. அது தண்டவாளத்தில் படிந்தால் சக்கரம் வழுக்கும், கரன்ட் சரியாக ஏறாது. கஷ்டப்பட்டுத் தீட்டிய பெயின்டிலும் படியும். போதாததற்கு, வருவது ஊதுபத்தி அளவுப் புகை.

திண்டுக்கல் வாசகர்: கல்லூரி மாணவன். கையில் பணம் குறைவு. பழைய, ஓடாத இன்ஜின் ஒன்று இருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்: கொடுத்து வைத்தவர் நீங்கள். ஓடாத இன்ஜினைக் கெடுக்க முடியாது.

முதலில் கைப்பிடிக் கம்பிகள். மலிவான மாடல்களில் அவை பாய்லரோடு சேர்த்தே அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். உளிக் கத்தியால் அவற்றைச் சீவி எடுத்துவிட்டு, சின்னக் கை டிரில்லால் துளைபோட்டு, 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்துப் பொருத்துங்கள். பாய்லருக்கும் கம்பிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற அந்த ஒரு மாற்றத்துக்கே இன்ஜினின் முகம் மாறிவிடும். பெயின்டுக்குக்கூட அந்தச் சக்தி கிடையாது என்பது என் கட்சி.

அடுத்தது கரி. டெண்டரில் (இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) பிளாஸ்டிக்கில் வார்த்த கரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நிஜ நிலக்கரி ஒரு துண்டு கிடைத்தால் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். கிடைக்காவிட்டால் இஸ்திரி போடுகிறவரிடம் அடுப்புக்கரி கேளுங்கள். நிலக்கரிக்கு இருக்கும் மினுமினுப்பு அதற்கு இல்லை, கொஞ்சம் பளபள வார்னிஷ் தொட்டால் ஏமாற்றலாம். தட்டியதை டீ வடிகட்டியில் சலியுங்கள். உங்கள் இன்ஜின் ஹெச்ஓ என்றால் ஒரு மி.மீ. துணுக்கு நிஜத்தில் 9 சென்டிமீட்டர் கட்டி, அதாவது மண்வெட்டியில் அள்ளிப் போடுகிற அளவு. வடிகட்டியில் தங்குவது டெண்டரின் பின்பக்கத்துக்கு, கீழே விழுவது முன்பக்கத்துக்கு. ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து சொட்டு சொட்டாக விடுங்கள், காய்ந்தால் கல்லாகிவிடும்.

கோயம்புத்தூர் வாசகர்: என்னிடம் 32 மி.மீ. தண்டவாளத்தில் நிஜ நீராவியால் ஓடும் பழைய மாமோட் பொம்மை இன்ஜின் இருக்கிறது. ஸ்பிரிட் அடுப்பு வைத்து மாற்றியிருக்கிறேன். இழுவை போதவில்லை. பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கினால் அழுத்தம் கூடும் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

இந்தப் பகுதியில் நான் கோபப்படுவது குறைவு. இதற்குக் கோபப்படுவேன். பாய்லரில் ஆபத்து நீராவியில் மட்டும் இல்லை, அதனடியில் இருக்கும் தண்ணீரிலும் இருக்கிறது. 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடும், கேஸ் அடுப்பு வைத்த மாடல் நீராவி இன்ஜின்களில் தண்ணீர் ஏறக்குறைய 140 டிகிரியில் இருக்கிறது. பாய்லர் கிழிந்தால் அந்தத் தண்ணீரின் ஒரு பகுதி அந்த நொடியே நீராவியாகிச் சீறும். உங்கள் மாமோட் அதைவிடக் குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த பொம்மை. பாய்லரையும் வால்வையும் தொடாதீர்கள். பழைய வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள். பாய்லரில் தண்ணீர் தீர்ந்தபின் ஒரு நிமிடம்கூட அடுப்பு எரியக் கூடாது. வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மாலையில் ஓட்டுங்கள்.

சரி, இழுவைக்கு என்ன வழி? மாமோட்டின் சிலிண்டர் ஆடும் வகை. ஒரு பித்தளை முகத்தின்மேல் சிலிண்டர் முன்னும் பின்னும் அசைந்தே நீராவித் துளையைத் திறந்து மூடுகிறது. அந்த இரண்டு முகங்களும் சமமாக இல்லாவிட்டால் நீராவி இடுக்கு வழியாக ஓடிவிடும். கண்ணாடித் தகட்டின்மேல் மிக நுண்ணிய உப்புத்தாளை வைத்து, சிலிண்டர் முகத்தை எட்டு போடுவதுபோலத் தேயுங்கள். முகம் முழுக்க ஒரே மாதிரி மங்கினால் சமமாகிவிட்டது என்று அர்த்தம். தூளைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் பூட்டுங்கள். போன அழுத்தம் திரும்பி வரும். எண்ணெய் நீராவி இன்ஜினுக்கென்றே விற்பதாக இருக்க வேண்டும். தையல் மிஷின் எண்ணெய் அந்தச் சூட்டில் தாங்காது. தண்ணீர், காய்ச்சி வடித்தது.

அப்புறம் உடம்பு. இதில் தாராளமாக விளையாடலாம்: கேபின் கூரை, உயரமான புகைபோக்கி, விறகுச் சுமை, டிரைவர் பொம்மை. எதைச் செய்தாலும் சூடு படும் இடத்தில் பிளாஸ்டிக் வேண்டாம்.

குன்னூர் வாசகர்: எங்கள் ஊர் மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு இன்ஜினை எந்த அளவில் செய்தால் சரியாக இருக்கும்?

பதில்: உங்கள் ஊர் இன்ஜினுக்கு அதிர்ஷ்டம் உண்டு. தோட்ட ரயில்காரர்கள் பயன்படுத்தும் 45 மி.மீ. தண்டவாளத்தில், 22.5-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் மீட்டர்கேஜ் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. 1,000-ஐ வகுத்துப் பாருங்கள், 44.4. ஜெர்மனியின் எல்ஜிபி என்ற மாடல் ரயில் பிராண்டு 1968-ல் இந்த அளவைக் கொண்டுவந்ததே அங்கத்திய மீட்டர்கேஜ் வண்டிகளை மனதில் வைத்துத்தான்.

இருக்கிற வேறொரு தொட்டி இன்ஜினை (டெண்டர் இல்லாமல் தண்ணீரைத் தன்மேலேயே சுமப்பது) மாற்றி எக்ஸ் ஆக்குவது சிரமம். எட்டு இணைசக்கரம், பின்னால் ஒரு சின்ன அச்சு, 0-8-2. அதைவிட முக்கியம் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றின்மேல் ஒன்றாக. கீழே இருப்பது சாதாரணச் சக்கரத்துக்கு, மேலே இருப்பது பல்தண்டவாளத்தைக் கவ்வும் பல்சக்கரத்துக்கு. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி மேலே போய் மறுபடி வேலை செய்கிறது. ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் போட்ட வடிவமைப்பு. மேல் சிலிண்டர் இல்லாமல் நீல நிறம் மட்டும் அடித்து "ஊட்டி ரயில்" என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டையும் வையுங்கள். இணைப்புத் தண்டுகள் மட்டும் அசைந்தால் போதும்.

இன்னொரு விஷயம், மலை ஏறும்போது இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். நீங்கள் செய்யும் காட்சி மாடலில் முன்னால் நிறுத்திவிடாதீர்கள்.

சிங்கப்பூர் வாசகர்: டிஜிட்டல் கட்டுப்பாடு இல்லாத பழைய அனலாக் இன்ஜினில் சவுண்ட் டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரையும் ஒலியையும் இயக்கும் குட்டி மின்பலகை) வைக்கப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: மோட்டாரின் இரண்டு பிரஷ்களும் சேசிஸிலிருந்து முழுக்கப் பிரிந்திருக்கின்றனவா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் ஒரு பிரஷ் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். அப்படியே டிகோடரை மாட்டினால் அது அந்த நொடியே போய்விடும். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தி, மோட்டார் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்றும் அளந்துகொள்ளுங்கள். அதைத் தாங்கும் டிகோடர்தான் வாங்க வேண்டும். ஸ்பீக்கரை டெண்டரில் வையுங்கள்.

ஒலியில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு சிலிண்டர் இன்ஜின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு 'சுக்' கேட்க வேண்டும். மூன்று சிலிண்டர் என்றால் ஆறு. வாங்கும்போது எந்த இன்ஜினின் ஒலி என்று கேளுங்கள். ஜெர்மன் விசில் ஊதிக்கொண்டு ஒரு டபிள்யூபி வந்து நின்றால் எனக்குச் சிரிப்பு அடக்க முடியாது.

சேலம் வாசகர்: அட்டைப்பெட்டியோடு இருக்கும் பழைய மெர்க்லின் (ஜெர்மன் கம்பெனி) மாடல் இன்ஜினுக்கு நம் ரயில்வே நிறம் அடிக்கலாமா?

பதில்: விற்கும் எண்ணம் துளியாவது இருந்தால் தூரிகையைத் தொடாதீர்கள். சேகரிப்பவர்கள் பெட்டிக்கும் ஒரிஜினல் பெயின்டுக்கும் சேர்த்துத்தான் விலை தருகிறார்கள். பெட்டி இல்லாத, கீறல் விழுந்த ஒன்றைப் பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்து, அதற்கு அடியுங்கள். நம்பரை வெள்ளை எழுத்தில் போட வேண்டும் என்றால் வீட்டுப் பிரின்டர் வெள்ளை அச்சடிக்காது. வெள்ளை டீகால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் தாள்) பின்னணியை இன்ஜினின் நிறத்தில் அச்சடித்து, எழுத்தை மட்டும் காலியாக விடுங்கள். தண்ணீரில் போடும் முன் தெளிந்த லாக்கர் ஒரு பூச்சு கட்டாயம், இல்லாவிட்டால் மை கரைந்து ஓடிவிடும்.