கல்லூரி முடித்ததும் ஒரு வருடத்தைச் சமயத் தொண்டுக்குக் கொடுத்தால் வாழ்க்கையில் பின்தங்கிவிடுவோமா?

வீட்டில் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள், எனக்கோ ஒரு வருடம் தொண்டு செய்ய ஆசை, செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்தவன். 2018 ஜூன் முதல் 2019 மே வரை, சேலத்தில் வள்ளலார் வழியில் நடக்கும் ஒரு சிறிய சன்மார்க்க சங்கத்தில் தினமும் காலைக் கஞ்சி காய்ச்சி ஊற்றினேன்.

எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. பி.காம். முடித்து, சி.ஏ. இடைநிலைத் தேர்வில் ஒருமுறை தோற்று, அம்மாப்பேட்டை வீட்டில் தறிச் சத்தத்தைக் கேட்டபடி படுத்துக் கிடந்தேன். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு வடலூர் போய்வரும் அப்பாயிதான், “சும்மா கிடக்கிற நேரத்தில் நாலு பேருக்குக் கஞ்சி ஊற்றினால் என்ன?” என்று கேட்டார். அம்மாவுக்குப் பையன் சாமியாராகிவிடுவானோ என்று பயம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைத் தொடாமல் நான் எழுந்த அன்று அது உறுதியாகிவிட்டது. (சன்மார்க்கத்தில் புலால் கிடையாது. வருடம் முடிந்த மறுநாளே குழம்பு சாப்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. எங்கள் அடுப்புக்கு அந்தப் பெருமை இல்லை. ஐப்பசி மழையில் விறகு நனைந்து தினமும் இரண்டு முறையாவது அணையும். மூன்றரை மணிக்கு எழுந்து, பத்துக் கிலோ நொய்யரிசி, இரண்டு கிலோ பாசிப்பருப்பு, வெந்தயம், சீரகம், மிளகு எல்லாம் போட்டு அண்டாவில் காய்ச்சுவோம். 150 பேருக்கு வரும். சரக்கு நானே லீ பஜாரில் வாங்கினேன். அப்பா, அம்மாவின் திதிக்கு ஒரு மூட்டை நொய் கொடுக்கும் மண்டிக்காரர்கள் அங்கே உண்டு. அதற்கெல்லாம் கணக்கு எழுதுவதும் என் வேலைதான். பிறகு வேலைக்கான நேர்காணலில் ‘இந்த ஒரு வருடம் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டபோது அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசினேன். வேலை கிடைத்தது. பின்தங்கினேனா என்ற கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான். கூடப் படித்தவர்களைவிடச் சம்பளத்தில் ஒரு வருடம் பின்னால் இருக்கிறேன், உண்மை. அதைப் பெரிதாக எண்ணுகிற ஆளாக நீங்கள் இருந்தால் போகாதீர்கள், தவறில்லை.

கஞ்சி ஊற்றிய இடம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு வெளியே, சாலையோரம். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு உள்ளே சாப்பாடு வந்துவிடும். துணைக்கு வந்தவர்தான் திண்டாடுவார். தருமபுரிப் பக்கத்திலிருந்தும் நாமக்கல் பக்கத்திலிருந்தும் இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று வந்து, இருபது நாளாகப் படிக்கட்டில் படுத்திருப்பார்கள். தூக்குவாளி கொண்டுவருபவர்கள் உண்டு. தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துப் பாத்திரமாக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. முதல் வாரம் அந்த பாட்டில்களில் சூடான கஞ்சியை ஊற்றும்போது அது நெளிந்து சுருங்குவதைப் பார்த்துவிட்டு, இருபது எவர்சில்வர் டம்ளர் வாங்கினோம். ஒரு மாதத்தில் பதினொன்றுதான் மிஞ்சியது. மறுபடி வாங்கினோம்.

செப்டம்பரில் ஒருநாள், அடுப்படியில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அடிப்பிடித்துக் கரிந்த வாசனை. துடுப்பால் அடியைச் சுரண்டியது அடுத்த தவறு. கருகல் முழுவதும் மேலே வந்து கலந்துவிட்டது. மறுபடி காய்ச்ச நேரமில்லை. அப்படியே கொண்டுபோய் ஊற்றினேன். 150 பேரும் வாங்கிக் குடித்தார்கள். ஒருவர் முகம் சுளிக்கவில்லை. இரண்டு பேர் மறுமுறையும் வாங்கினார்கள். பரவாயில்லை, அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனேன்.

அங்கே, சற்று முன் என்னிடம் கஞ்சி வாங்கிக் குடித்த ஓர் அம்மா மாஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். “காசு கொடுத்துத்தானே வாங்குகிறேன்? பால் தீய்ந்த வாடை அடிக்கிறது. வேறு டீ போடு.” மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே வேறு டீ போட்டார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா தலையைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வாயில் வைத்த டீ இறங்கவில்லை. பத்து ரூபாய் டீயில் தீய்ந்த வாடையைக் கண்டுபிடிக்கிற நாக்கு, என் கஞ்சியைக் குடித்தபோதும் அதே நாக்காகத்தான் இருந்திருக்கும்.

சங்கத்துப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். எழுபது வயதுக்காரர், சன்மார்க்க வழக்கப்படி இருபத்திரண்டு வயதுப் பையனான என்னையும் ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “நீங்கள் தினமும் காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் ஐயா?” என்றார். வீட்டுக்குப் போய் அம்மா சுட்ட தோசை என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மூன்று மாதம் கஞ்சி ஊற்றியவன், ஒரு டம்ளர் கூடக் குடித்ததில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மறுநாளிலிருந்து வண்டி கிளம்பும் முன் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் ஏறினேன். முதல் நாளே உப்புக் குறைவு என்று பட்டது. எத்தனை நாளாகக் குறைவோ!

இருந்தாலும் அவர்கள் வாயால் கேட்கவேண்டும் என்று ஆசை. “உப்பு சரியாக இருக்கிறதா?” என்று கேட்டுப் பார்த்தேன். “நன்றாக இருக்கிறது சாமி” என்பதுதான் எல்லோர் பதிலும். சேவை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அதில் எனக்கு உறுத்துவது இந்தச் ‘சாமி’தான். உங்கள் ஊரில் எந்த அமைப்பில் சேர்ந்தாலும் இதைக் கவனித்துப் பாருங்கள்.

டீக்கடை அம்மா மறுபடி வர நான்கு நாள் ஆயிற்று. ஏற்காட்டு மலைக் கிராமத்துக்காரர். காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கணவர், ஏணி சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுத்திருந்தார். அன்று என்னோடு வருகிற அண்ணனுக்குக் காய்ச்சல். ஒற்றை ஆளாகத் திணறுவதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியை வாங்கிக்கொண்டார். வரிசை முழுவதற்கும் அவர்தான் ஊற்றினார். எல்லோரும் போனபின், அண்டாவின் அடியில் மிஞ்சியதைக் கரண்டியால் அள்ளிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, மிளகை முழுசு முழுசாகப் போட்டிருக்கிறாய்? பாதிப்பேர் துப்பிவிட்டுப் போகிறார்கள். பறிக்கிறவனுக்குத்தானே தெரியும் அந்த அருமை! நாளைக்கு இடித்துப் போடு. வெந்தயத்தையும் குறை, கசக்கிறது.”

மறுநாள் இடித்துப் போட்டேன். குடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நைசாக இடித்திருக்கலாம் என்றார்.