ஞாயிற்றுக்கிழமை ஏன் போகிறார்?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் 14 வருடமாக ஜாக்ஹாமர் (பாறை துளைக்கும் மிஷின்) பிடிக்கிறார் என் கணவர். வயது 41. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சிலிகோசிஸ், அதாவது கல்தூசியால் வரும் நுரையீரல் நோய் என்றார். தினமும் வெல்லமும் மஞ்சள் பாலும் கொடுக்கிறேன். சத்து மாத்திரைக்கு மாதம் 1,400 ரூபாய் ஆகிறது; அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார். பீடியை விடவில்லை. நுரையீரல் சுத்தமாக இன்னும் என்ன கொடுக்கலாம்?

பதில்: ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள் அம்மா. எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. தூசிக்கு மருந்து வாங்க அந்தத் தூசிக்குள்ளேயே போகிறார் மனுஷன். நீங்களும் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறீர்கள்!

இப்படி எழுதுகிற எல்லோரும் என்ன கொடுக்கலாம் என்றுதான் கேட்கிறீர்கள். வேலையை எப்படி நிறுத்துவது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

வெல்லம் தூசியை வெளியேற்ற உதவுகிறது என்று 1994-ல் லக்னோ விஞ்ஞானிகள் எழுதினார்கள். அது எலிகளில் பார்த்தது. உங்கள் கணவரின் நுரையீரலில் இருப்பது தழும்பு. கல்தூளை விழுங்கிய உயிரணு செத்து, அதே தூளைக் கக்குகிறது; அடுத்த உயிரணு அதை விழுங்கிச் சாகிறது; இப்படியே தழும்பு கூடுகிறது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றக்கூடும். இதில் வாரத்துக்கு ஏழு நாள் வேலையா?

மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் சத்து) என்று இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளுக்கும் அதை வைட்டமின் ஏ-யோடு கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியதால் 1996-ல் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். உங்கள் வீட்டில் பீடியும் இருக்கிறது.

அந்த 1,400 ரூபாய்க்கு முட்டை, பயறு, கீரை வாங்குங்கள். தழும்பு கரையாது, உடம்பு தாங்கும். இந்த நோய்க்காரர்களை டி.பி. சீக்கிரம் பிடிக்கும், அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். டாக்டரிடம் குவாரி வேலை என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டை யார் பார்ப்பது என்பீர்கள். 14 வருடம் அவர் சுமந்தார். இனி நீங்களும் தலையெடுத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும் சுமக்க வேண்டும். குடும்பம் என்று அதற்குத்தானே பெயர்? தூசி இல்லாத வேலை கூலி குறைவாகக் கிடைத்தாலும் போகட்டும். 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் கல்தூசி நோயும் இருந்தது; அதற்குப் பதிலாக 2025-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் உண்டு. மேஸ்திரி கூலி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு ஒன்றுகூட விடாமல் எடுத்து, எக்ஸ்ரேயோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டாதீர்கள்.