அண்ணாச்சி பதில்கள்: இன்ஜினியர் வருவதற்கு முன்னால்

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டையில் எங்கள் மாமனார் காலத்து வீட்டை விற்கலாம் என்று இருக்கிறோம். முன்பக்கம் மங்களூர் ஓடு, பின்பக்கம் 1994-இல் தளம் போட்டு எடுத்த ஒரு அறையும் அடுப்படியும். புனலூர்க்காரர் ஒருவருக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த மாதம் இன்ஜினியரைக் கூட்டிவந்து முழுசாகச் சோதித்த பிறகு விலை பேசலாம் என்கிறார். மேற்குச் சுவரில் ஓதம். அது தெரியாமல் இருக்க வீடு முழுக்க பெயிண்ட் அடித்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் நிற்கிறார், ஐம்பதாயிரம் ஆகுமாம். அடிக்கலாமா?
- ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: தங்கச்சி, பெயிண்ட் டப்பாவைக் கடையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் மாப்பிள்ளையை.

நானே இதில் சூடுபட்டவன். எங்கள் அம்மா வீட்டை விற்கிறபோது ஓதச் சுவரில் பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்து, பளபளவென்று நிறுத்தி வைத்திருந்தோம். வந்த இன்ஜினியர் கண்ணால் பார்க்கிறதுக்கு முன்னால் மூக்கால் பார்த்தார். அப்புறம் வண்டிச் சாவியின் பின்பக்கத்தால் முழங்கால் உயரத்தில் தட்டிக்கொண்டே போனார், ஓரிடத்தில் சத்தம் பொக்கையாகக் கேட்டது, அங்கே இருந்த சின்னக் குமிழை நகத்தால் நெருடினார், பெயிண்ட் அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது, பின்னால் வெள்ளை வெளேர் என்று உப்பு. அதோடு போச்சு. நன்றாக இருந்த சுவர்களையும் அவர் நம்பவில்லை. ஓதத்துக்குக் குறைத்ததைவிட மறைத்ததற்குக் குறைத்ததுதான் அதிகம்.

உங்கள் சுவரில் கறை எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பளவு வரை இருந்தால் அடியிலிருந்து ஏறுகிற ஈரம்; வெளியே சுவரை ஒட்டி மண் மேடாகக் கிடக்கிறதா, குளியலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். சன்ஷேடுக்குக் கீழே, ஜன்னல் ஓரத்தில் தொடங்கினால் அது சாரல் வேலை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கிற காற்று மேற்குச் சுவரைத்தானே முதலில் நனைக்கும், வெளிப்பூச்சில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலே போதும். வெளியே அடைத்துவிட்டு, உள்ளே பொக்கையான பூச்சைக் கொத்தி எடுத்துக் காயப் போடுங்கள். ஒரு மாதத்தில் காயாவிட்டால் அப்படியே திறந்து கிடக்கட்டும். கொத்தனார் செய்த வேலைக்குப் பில் வைத்திருங்கள், அதைக் காட்டினால் போதும்.

ஓட்டுக்கு வருவோம். உச்சி வெயிலில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள், வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் மாற்ற வேண்டிய ஓடு. இது சின்னச் செலவு, தாராளமாகச் செய்யலாம். கைமரத்தில் கரையான் புற்று கோடு கோடாக ஏறியிருந்தால் துடைத்து மறைக்காதீர்கள். நடுவில் விரல் நீளத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஈர மண்ணால் மறுபடி அடைத்திருந்தால் கரையான் உயிரோடு இருக்கிறது, மருந்து அடிப்பவரைக் கூப்பிட வேண்டியதுதான். அடைக்காவிட்டாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம், அது வேறு வழி போயிருக்கலாம். மரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும்.

பின்கட்டில் தளத்தின் அடிப்பக்கம் பாருங்கள். கம்பி ஓடுகிற வாக்கில் விரிசல், பழுப்புக் கறை, உதிர்ந்த காரை இருந்தால் கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு ஏறினால் கம்பி பருத்து காங்கிரீட்டைப் பிளக்கும். துருவைச் சுரண்டாமல் மேலே சிமெண்ட் பூசினால் அடுத்த மழைக்கு அதுவும் விழும்.

கரண்ட் வேலையில் ஒன்றுதான் சொல்வேன். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிடுங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள், கரண்ட் 'கட்' ஆக வேண்டும். விற்கிற வரைக்கும் நீங்கள்தானே அங்கே குடியிருக்கப் போகிறீர்கள்!

இதையெல்லாம்விட முக்கியமான வேலைக்குக் காசே வேண்டாம். பீரோவையும் கட்டிலையும் சுவரைவிட்டு இரண்டடி தள்ளிப் போடுங்கள். பரணைக் காலி செய்யுங்கள், மாடிக் கதவுச் சாவியைத் தேடி எடுத்து வையுங்கள், செப்டிக் டேங்க் மூடி எந்தச் செடிக்கு அடியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து வையுங்கள். பார்க்க முடியாத இடத்தை எந்த இன்ஜினியரும் மோசம் என்றுதான் எழுதுவார், அவர் பிழைப்பு அது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவர் சாதாரணமாகக் கவனித்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தால் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் மோசடி. அந்த ஓதத்தை நீங்களே முதலில் காட்டிவிடுங்கள்.

அப்புறம் பத்திரம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், உங்கள் மூலப் பத்திரம் மலையாளத்தில் இருந்தாலும் ஆச்சரியமில்லை. புனலூர்க்காரர் சரளமாக வாசித்துவிடுவார். அவர் கடன் கேட்கிற வங்கி தமிழ்நாட்டில் இருந்தால் அதன் வக்கீல் தமிழில் கேட்பார். மொழிபெயர்ப்பு இப்போதே எடுத்து வையுங்கள். 1994 அறை வீட்டு வரி ரசீதில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டை வாங்க வருகிறவர் இன்ஜினியரோடு வாஸ்துக்காரரையும் கூட்டி வருவாராம். என்ன செய்வது?
- ஒரு வாசகர், புளியரை

பதில்: வாஸ்துக்காரரை முதல் நாளே கூட்டி வரச் சொல்லுங்கள். அவர் ஆகாது என்றால் இன்ஜினியர் கூலியாவது அந்த மனுஷனுக்கு மிச்சம்.