நிறை இறங்காததற்குக் காரணம் அந்தக் கடதாசி உறைக்குள் இருக்கலாம்

மருத்துவர் பதில்: கல்லடியைச் சேர்ந்த 42 வயது ஆசிரியை ஒருவரின் கடிதத்துக்கு

வயிற்றுக்குள் கட்டி இருக்கிறதா என்று ஸ்கான் எடுக்கக் காசு சேர்ப்பதற்கு முன்னர், முழங்கால் வலிக்காக ஐந்து மாதங்களாக நீங்கள் வாங்கிச் சாப்பிட்டு வரும் அந்தச் சிறிய வெள்ளைக் குளிசை என்ன குளிசை என்பதைக் கண்டுபிடியுங்கள். பத்தியமும் நடையும் இருந்தும் நிறை இறங்கவில்லை என்பது உட்பட ஒன்பது கவலைகளை இலக்கமிட்டு எழுதியிருக்கிறீர்கள். குளிசைக்கு மட்டும் இலக்கம் இல்லை. கையொப்பத்துக்கு மேலே, "பாமசியில் தரும் குளிசை காலையில் இரண்டு போட்டால்தான் பள்ளிக்கூடப் படியேற முடிகிறது" என்று ஒரே வரியில் அதை முடித்துவிட்டீர்கள். அந்த வரிக்கு வந்த பின்னர், ஒன்பது கவலைகளையும் நான் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.

மாத வாரியாக நிறையைக் குறித்து வைத்திருப்பது உங்கள் தொழிலின் நல்ல பழக்கம். அந்தக் கணக்கே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. உயரம் 155 சென்ரிமீற்றர், தொடக்க நிறை 78 கிலோ. கல்லடிப் பழைய பாலத்தில் தினமும் காலையில் 45 நிமிட நடை, இரவில் சோறு இல்லை, தேநீருக்குச் சீனி இல்லை என்று இருந்ததில் மூன்று மாதங்களில் 74 கிலோவுக்கு வந்தீர்கள். அது நல்ல வேகம். ஒருவரும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் மாத முடிவில் நடையால் முழங்கால் நோகத் தொடங்குகிறது, குளிசை தொடங்குகிறது. அதன் பிறகு அதே நடை, முன்னையதைவிடக் கடுமையான பத்தியம், ஆனால் நிறை 77. ஐந்து மாதம் பசி கிடந்தும் ஏறுகிறதே என்று உங்கள் மனவுறுதியைச் சந்தேகிக்கிறீர்கள். எனது சந்தேகம் உங்கள் மீது இல்லை.

வேறு வேறு இலக்கங்களின் கீழ் நீங்கள் சிதறவிட்ட சில விடயங்களை நான் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறேன். கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த தங்கை, உங்களைக் கண்டதும் முகம் வட்டமாக ஊதியிருக்கிறது என்றார். நள்ளிரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, விழித்தால் பிஸ்கட் பெட்டியைத் தேடும் அளவுக்குப் பசி. கொப்பிக் கட்டு இடித்த முன்கையில் கருநீலத் தழும்பு இரண்டு வாரமாகியும் மறையவில்லை. கோயிலில் நிலத்தில் அமர்ந்தால் கையை ஊன்றாமல் எழும்ப முடிவதில்லை. அதையும் முழங்காலின் கணக்கிலேயே எழுதியிருக்கிறீர்கள். இவை தனித்தனியே பெரிதல்ல. ஐந்து மாதமாகப் பெயர் தெரியாத குளிசை ஒன்றைப் போடுபவரிடம் இவை எல்லாம் ஒன்றாக இருந்தால், அது ஸ்டீரொயிட் குளிசைதானா என்று எந்த வைத்தியரும் கேட்பார். அந்த வகைக் குளிசைகளான பிரெட்னிசொலோன், டெக்ஸாமெதசோன் என்ற இரண்டு பெயர்களையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உயரம் குறைந்த கதிரை ஒன்றில் இருந்து, இரு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு எழும்புங்கள். முழங்கால் வலி உள்ளவர் முகத்தைச் சுளித்தாலும் எழும்பிவிடுவார். தொடைத் தசை கரைந்தவருக்கு நோ அதிகம் இல்லாவிட்டாலும் உடல் எழும்பாது, பின்னால் சாய்ந்துவிடும். அடுத்து, வயிற்றின் பக்கங்களைக் கண்ணாடியில் பாருங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தங்கும் வெள்ளிநிறக் கோடுகளை விட்டுவிடுங்கள். விரல் அகலத்தில், ஊதா நிறத்தில் புதிய கோடுகள் இருந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் குளிசை ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1948 இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டை ஏற்றியபோது, சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950 இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. வட்ட முகமும் வயிற்றுக் கொழுப்பும் தசை மெலிவும் அந்த மருந்தோடு கூடவே வரும் என்பதை வைத்தியர்கள் அதன் பிறகே படிப்படியாகக் கற்றார்கள். சரியான நோய்க்கு, சரியான அளவில், சரியான காலத்துக்குக் கொடுத்தால் அது உயிர்காக்கும் மருந்து. இழுப்பு நோயாளிகளுக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். நடந்து நொந்த முழங்காலுக்கு ஐந்து மாதம் கொடுப்பதற்கான மருந்து அதுவல்ல. வைத்தியரின் துண்டு இல்லாமல் பெயர் எழுதாத கடதாசி உறையில் போட்டு விற்பவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். உடல் தானே சுரக்கும் ஸ்டீரொயிட்டின் பெயர் கோர்ட்டிசோல். "கோர்ட்டிசோல் முகம்" என்று யூடியூப்பில் ஒருவர் பேசியதைக் கேட்டு, சிறுநீரகத்துக்கு மேலேயோ மூளையிலேயோ கட்டி வந்துவிட்டது என்று மூன்று வாரமாக உறங்காமல் இருக்கிறீர்கள். அப்படிப்பட்ட கட்டிகள் பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கு வருபவை. அதே வட்ட முகத்தையும் அதே வயிற்றையும் குளிசையால் பெற்றவர்களை என்னுடைய கிளினிக் வாங்கிலேயே அடிக்கடி காண்கிறேன். அந்த யூடியூப்காரர் கோர்ட்டிசோல் என்று சொன்னது உங்களைப் பொறுத்தவரை பாதி சரியாகவும் இருக்கலாம் என்பதுதான் எனக்குக் கோபம். கேட்க வேண்டிய முதல் கேள்வியான "என்ன குளிசை போடுகிறீர்கள்" என்பதைக் கேட்காமல், அமுக்கிராத் தூள் விற்றுவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தூளை நிறுத்திவிடுங்கள், அதை நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது.

குளிசையை மட்டும் இன்று நிறுத்திவிடாதீர்கள்.

இதுவரை வாசித்துவிட்டு, கோபத்தில் உறையோடு வாவிக்குள் வீசியெறியத் தோன்றும் என்பதை அறிந்தே இதைத் தனி வரியில் எழுதுகிறேன். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் இரண்டு சுரப்பிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம்தான், உடலுக்குத் தேவையான கோர்ட்டிசோலை நாள்தோறும் சுரக்கின்றன. அவை ஒரு நாளில் சுரப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம், அதாவது சாதாரணமாகக் கிடைக்கும் சிறிய குளிசை ஒன்றுக்குச் சமம். நீங்கள் இரண்டு போடுகிறீர்கள். வெளியிலிருந்து இவ்வளவு வந்து சேரும்போது, சுரப்பிகள் வேலையை விட்டுவிட்டுச் சோம்பிப் போகின்றன. மூன்று நான்கு வாரங்களைத் தாண்டினாலே இது நடக்கலாம், உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. குளிசையைத் திடீரென நிறுத்தினால் அவை மறுநாளே விழித்துக்கொள்வதில்லை. வாரங்கள், சிலருக்கு மாதங்கள் செல்லும். அந்த இடைவெளியில் உடலில் போதிய கோர்ட்டிசோல் இருக்காது.

அப்போது வருவதுதான் நான் பயப்படும் அறிகுறி: ஓயாத வாந்தி, வயிற்று நோ, எழுந்து நின்றால் கண் இருட்டுதல், படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு, பேச்சில் தடுமாற்றம். வீட்டார் இதைப் பித்தம் என்பார்கள், விரதம் இருந்ததால் என்பார்கள், தேசிக்காய் கரைத்துக் கொடுப்பார்கள். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். இவற்றில் எது வந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, "ஐந்து மாதமாக ஸ்டீரொயிட்டாக இருக்கக்கூடிய குளிசை போடுகிறேன்" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். அந்த வாக்கியம் தெரிந்தால், குறைந்துபோன கோர்ட்டிசோலை ஈடுசெய்யும் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி உடனே போடப்படும். தெரியாவிட்டால் சாதாரண வாந்தியாக நினைத்துச் சேலைன் மட்டும் ஏற்ற வாய்ப்பிருக்கிறது. கணவருக்கும் மூத்த பிள்ளைக்கும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனெனில் அந்த நேரத்தில் உங்களால் தெளிவாகப் பேச முடியாமல் போகலாம். மாரி காலம் வந்தால் டெங்கும் வரும். காய்ச்சலில் உடலுக்கு வழமையைவிடப் பல மடங்கு கோர்ட்டிசோல் தேவைப்படும் என்பதால், காய்ச்சல் நாளில் குளிசையைத் தவறவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது.

ஆகவே, வைத்தியரைக் காணும் வரை அதே இரண்டைக் கூட்டாமலும் குறைக்காமலும் போட்டு வாருங்கள், ஆனால் காண்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று, அங்கிருந்து பொது வைத்திய நிபுணரின் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவர் குளிசையை அடையாளம் கண்டு, தேவையானால் காலை எட்டு ஒன்பது மணிக்குள் இரத்தம் எடுத்துக் கோர்ட்டிசோல் அளவைப் பார்த்து, வாரக் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துத் தருவார். பரிசோதனையன்று குளிசையைப் போட்டுவிட்டு வருவதா, இரத்தம் எடுத்த பின் போடுவதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். அது ஸ்டீரொயிட் இல்லை, வெறும் நோக்குளிசைதான் என்று தெரியவந்தால், உங்களுக்கு ஒரு காலைப்பொழுது நட்டம்; எனது ஊகம் பிழைத்ததற்காக நான் மகிழ்வேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் கால்விரல்களை எடுத்த கதையை ஐந்தாம் இலக்கத்தில் எழுதி, வெறும் வயிற்றுச் சீனி 98 என்று ஆறுதல் பட்டிருக்கிறீர்கள். அந்த ஆறுதல் கொஞ்சம் அவசரமானது. காலையில் போடும் ஸ்டீரொயிட் பிற்பகலில்தான் சீனியை ஏற்றும். விடியற்காலையில் எடுத்த இரத்தத்தில் அது ஒளிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு முறையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி ஒரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தைரொயிட் பரிசோதனையில் டிஎஸ்எச் 2.8 என்று இரண்டு தடவை வந்துவிட்டது. அது சரியான அளவு, மூன்றாம் தடவை காசைக் கொட்ட வேண்டாம், "எதற்கும் இருக்கட்டும்" என்று அக்காவின் தைரொக்சினைக் கடன் வாங்கிப் போடவும் வேண்டாம், அது இதயத்தைப் படபடக்க வைக்கும், எலும்பைக் கரைக்கும். தைரொயிட் உண்மையாகவே குறைந்தாலும் அதனால் ஏறும் நிறை சில கிலோதான். தலைமயிர் உதிர்வது, கடும் பத்தியம் தொடங்கி மூன்று மாதத்தில் பலருக்கும் நடப்பது, மீண்டும் வளரும். ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ கூடியது கொழுப்பு அல்ல, கருவாட்டு உப்பும் தண்ணீரும். வாரத்துக்கு ஒரு முறை நிறை பார்த்தால் போதும். கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை, பீர்க்கங்கூட்டால் தேய்க்காதீர்கள், இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது, நிறை இறங்கினால் மங்கும். முன்பு எடுத்த ஸ்கானில் சொன்ன ஈரல் கொழுப்புக்கும் நிறை இறங்குவதே மருந்து. மாதவிடாய் ஒழுங்கீனத்தைக் குளிசை விடயம் தீர்ந்து மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம். கிரீன் ரீ பிடித்தால் குடியுங்கள்.

சோற்றை மட்டும் வீணாகப் பகைத்துக்கொண்டிருக்கிறீர்கள். படுவான்கரையில் வயலில் நிற்பவர்கள் மூன்று நேரமும் சோறு உண்டும் மெலிந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் சோற்றைச் செலவழிக்கிறார்கள், அவ்வளவுதான். 45 நிமிட நடையில் நீங்கள் செலவழிப்பது ஏறத்தாழ 200 கலோரி, ஆசிரியர் அறையில் இடைவேளைக்கு வரும் ரோல்ஸ் ஒன்றே அதில் பெரும் பங்கைத் திருப்பித் தந்துவிடும். மதியத்தில் சிவப்பரிசிச் சோறு கோப்பையின் கால் பங்கு, மீன் அல்லது பருப்பு கால் பங்கு, மீதி முழுவதும் கீரையும் மரக்கறியும் என்று வையுங்கள். இரவில் பட்டினி கிடந்து இரண்டு மணிக்குப் பிஸ்கட் உண்பதைவிட, எட்டு மணிக்கு அளவாகச் சாப்பிடுவது மேல்.

இணையக் கணிப்பான் உங்களுக்குச் சொன்ன 55 கிலோவையும் மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் சீனி வருத்தத்தின் வாசலில் நின்ற 3,000 பேருக்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2002 இல் வெளியிட்ட ஆய்வில், நிறையில் 7 சதவீதத்தைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதை இலக்காகக் கொண்டவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு அந்த 7 சதவீதம் என்பது 72.5 கிலோ. குளிசை தொடங்கும் முன் அதற்கு ஒன்றரைக் கிலோ தூரத்தில் நின்றீர்கள்.

குளிசை குறையத் தொடங்கும்போது முழங்கால் முன்னையதைவிட நோகும், உடம்பெல்லாம் உளையும். அதற்குப் பயந்து மறுபடியும் பாமசிக்குப் போகாதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள், பரசிற்றமோல் அளவோடு தருவார்கள். அந்த வாரங்களில் பால நடையை 20 நிமிடமாகக் குறைத்து, கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டிப் பத்து வரை எண்ணி இறக்கும் பயிற்சியை ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும் செய்யுங்கள். முழங்காலைத் தாங்குவது தொடைத் தசைதான்.

கிளினிக்குக்குப் போகும்போது பையில் மூன்றை வையுங்கள்: உங்கள் நிறைக் கொப்பி, பழைய இரத்த அறிக்கைகள், குளிசை மீதமிருக்கும் உறை. உறையில் இரண்டு நாளுக்குப் போதுமானதுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் நாளைக்கே போங்கள்.