சட்டைப் பைக்கு ஒரு டார்ச்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். தினமும் கூடவே வைத்துக்கொள்ள எந்த மாதிரி டார்ச் லைட் வாங்குவது? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

போனிலேயே டார்ச் இருக்கிறதே, தனியாக ஒன்று எதற்கு?
கல்லூரி மாணவர், திருச்சி

போன் வெளிச்சம் பக்கத்தில் பரவும். சாவித்துவாரம் தேட அது போதும். பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அதில் தெரியாது. மழையில் போனை நீட்டிப் பிடிக்கவும் மனம் வராது. ஸ்டூல் மேல் ஏறி ஃபியூஸ் போடும்போது அதை வாயில் கவ்விக்கொள்ளவும் முடியாது.

இதையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் போனில் இருக்கும் சார்ஜ் பேசுவதற்கே வேண்டும். விளக்கு வேறு, போன் வேறு என்று பிரித்து வைப்பதுதான் சரி.

கட்டைவிரல் அளவு டார்ச், 10,000 லூமன், விலை 500 ரூபாய் என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
கடை உரிமையாளர், ஈரோடு

வேண்டாம். அந்த எண் பொய்.

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமன் தரும். ஒரே ஒரு பென்சில் பேட்டரி போடும் நல்ல டார்ச் 100, 150 லூமன் தந்தாலே நிறைவான வேலை. லித்தியம் பேட்டரி போட்டால் அதே அளவு உடம்பிலிருந்து 500, 800 லூமன்கூட வரும், ஆனால் ஓரிரு நிமிடம்தான். எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. விரல் அளவு அலுமினிய உடம்பால் அந்தச் சூட்டை வெளியேற்ற முடியாது. அதனால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். இது கோளாறு இல்லை, டார்ச் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

பெட்டியில் ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 (டார்ச்சுகளை அளப்பதற்கான அமெரிக்கத் தர முறை) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் லூமன், எத்தனை மணி நேரம் எரியும், எத்தனை மீட்டர் அடிக்கும் என்பதெல்லாம் ஒரே முறையில் அளக்கப்பட்டவை. அதிலும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எரியும் நேரம் என்பது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் கணக்கு. '3 மணி நேரம்' என்றால் மூன்று மணி நேரமும் அதே வெளிச்சம் என்று அர்த்தமில்லை. தூரம் என்பது, முழுநிலா வெளிச்சம் அளவுக்கு, அதாவது கால் லக்ஸாக (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவு), ஒளி மங்கும் இடம். '100 மீட்டர்' டார்ச்சில் தெளிவாகப் பார்க்க முடிவது அதில் பாதிகூட இருக்காது.

நம் கண்ணும் கணக்கை மாற்றிவிடும். 100 லூமனுக்குப் பதில் 400 லூமன் அடித்தால் நான்கு மடங்கு தெரியாது, ஏறக்குறைய இரண்டு மடங்குதான் தெரியும். வீட்டுக்குள் 5 முதல் 20 லூமன் தாராளம். கொல்லைப்புறம், தெரு என்றால் 100. அதற்கு மேல் வேண்டிய ஆள் அடுத்த கேள்வியைக் கேட்டவர்.

ராத்திரியில்தான் மும்முனை மின்சாரம் வருகிறது. மோட்டார் போட வரப்பில் போக வேண்டும், பாம்பு பயம். எது நல்லது?
விவசாயி, மன்னார்குடி

ஐயா, உங்களுக்கு 18650 என்ற லித்தியம் பேட்டரி போடும் டார்ச்தான் சரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். டார்ச் கைக்குள் அடங்கும், சட்டைப் பையில் கொஞ்சம் கனக்கும். 300 லூமனில் சில மணி நேரம் எரிகிற மாதிரி பார்த்து வாங்குங்கள்.

தூரமாக ஊசி போல அடிக்கும் டார்ச் வரப்புக்கு ஆகாது. நடுவில் கண் கூசும் ஒரு வட்டம் விழும், காலடி இருட்டாகவே இருக்கும். வெளிச்சம் அகலமாகப் பரவ வேண்டும். முன்பக்கத்தை இழுத்துத் தள்ளும் ஜூம் டார்ச்சையும் தவிர்த்துவிடுங்கள். அந்த இடைவெளி வழியாகச் சேறும் தண்ணீரும் உள்ளே போகும். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐ.பி.எக்ஸ். என்று ஒரு குறியீடு உண்டு. ஐ.பி.எக்ஸ்.8 என்று போட்டிருந்தால் வாய்க்காலில் விழுந்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் மழைத் தூறலுக்கு மட்டும்தான்.

வெளிச்சத்தின் நிறத்தையும் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளையில் காய்ந்த சருகும் கண்ணாடி விரியனும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். வெள்ளை எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதைச் சொல்வது கெல்வின்; நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குத் தரும் மதிப்பெண் சி.ஆர்.ஐ. 4,000 முதல் 5,000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று இருந்தால் பழுப்பும் பச்சையும் பிரிந்து தெரியும். இந்த வகையில் லூமன் கொஞ்சம் குறையும். குறையட்டும், உங்களுக்கு நிறம்தான் முக்கியம்.

டார்ச் இருக்கிறது என்று வெறுங்காலோடு போகாதீர்கள். முழங்கால் வரை பூட்ஸ், கையில் ஒரு கம்பு, இரண்டும் வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது. கடித்தால் பல நேரம் வலிகூட இருக்காது. சந்தேகம் வந்தாலே 108க்குப் போன் செய்யுங்கள், காத்திருக்க வேண்டாம்.

நைட் டியூட்டியில் நோயாளிகளை எழுப்பாமல் பார்க்க வேண்டும். ஆன் செய்தாலே முகத்தில் அடிக்கிறதே?
செவிலியர், மதுரை

உங்கள் டார்ச் முதலில் அதிக வெளிச்சத்தில் தொடங்கும் வகை. குறைந்த வெளிச்சத்தில் தொடங்குவது, அல்லது கடைசியாக வைத்த அளவை நினைவில் வைத்திருப்பது, இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 'மூன்லைட்' என்று ஒரு நிலை இருந்தால் இன்னும் நல்லது. அது ஒரு லூமனுக்கும் கீழே. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அதுவே போதும். கண் அப்படி முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், ஒரு முறை பளீரென்று அடித்தால் போச்சு. சலைன் சொட்டும் அளவைப் பார்க்க 5 லூமன் வைத்துக்கொள்ளுங்கள். தோலின் நிறமாற்றம் பார்க்கிற வேலை உங்களுடையது, எனவே சி.ஆர்.ஐ. 90 உங்களுக்கும் அவசியம். நோயாளியின் கண்மணியைச் சோதிக்க மட்டும் இந்தப் பளீர் டார்ச்சுகளைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கான பேனா டார்ச்சே சரி.

பென்சில் பேட்டரியா, சார்ஜ் ஏற்றுவதா? கடைக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
பல வாசகர்கள்

ஒரே ஒரு டார்ச் வைத்திருப்பவருக்கு என் பதில் பென்சில் பேட்டரி, அதாவது டபுள் ஏ. பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். கரண்ட் இல்லாத நான்காம் நாளிலும் வாங்கி மாட்டலாம். ஆனால் தினமும் அல்கலைன் போடாதீர்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் ஒழுகும், வெளிவரும் காரம் ஸ்பிரிங்கை அரித்துவிடும். நல்ல டார்ச்சுகள் வீணாக இதுதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம். ஒழுகியிருந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ பஞ்சில் தொட்டு அந்த வெள்ளைப் படிவைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

தினப்படிக்கு, சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு டபுள் ஏ போடுங்கள். எனிலூப் என்ற பிராண்டு அந்த வகைதான். சாதாரண பேட்டரி 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம், நல்ல எல்.இ.டி. டார்ச்சின் சர்க்யூட் அதை ஏற்றிக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 14500 என்றொரு லித்தியம் பேட்டரி அச்சு அசலாகப் பென்சில் பேட்டரி அளவிலேயே இருக்கும். ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். '14500 போடலாம்' என்று எழுதியிருக்கும் டார்ச்சில் மட்டும் போடுங்கள். சுவர்க் கடிகாரத்திலோ டிவி ரிமோட்டிலோ மாட்டினால் அது பாழ்.

18650 வாங்கும்போது 9,900 மில்லி ஆம்பியர் மணி (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) என்று அச்சடித்திருந்தால் தொடவே தொடாதீர்கள். அந்த அளவில் நல்ல செல்கள் 3,500 வாக்கில்தான் இருக்கும். தராசில் வைத்தும் பார்க்கலாம். நல்ல செல் 45 கிராம் வாக்கில் இருக்கும். தனி லித்தியம் செல்லைச் சாவிக்கொத்தோடு பையில் போடவே கூடாது. இரு முனையும் உரசினால் தீப்பிடிக்கும். பத்து ரூபாய் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும், தயவுசெய்து வாங்குங்கள்.

புடவையிலும் நைட்டியிலும் ஏது பை? எப்படிக் கூடவே வைத்திருப்பது?
இல்லத்தரசி, நாகர்கோவில்

நல்ல கேள்வி. டார்ச் செய்கிறவர்கள் ஜீன்ஸ் பேன்ட்டை மனதில் வைத்தே செய்கிறார்கள். உங்களுக்கு ட்ரிபிள் ஏ, அதாவது பென்சில் பேட்டரியைவிடச் சின்ன பேட்டரி போடும் டார்ச் சரி. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், சாவிக்கொத்தில் தொங்கும், இல்லாவிட்டால் கயிற்றில் கழுத்திலும் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்றைக் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள்.

பையில் தானாகவே எரிந்து தொடையைச் சுட்டுவிட்டது. பழுதா?
தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

பெரும்பாலும் பழுது இல்லை. பக்கவாட்டு பட்டன் அழுந்தியிருக்கும். பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள், பல டார்ச்சுகளில் இணைப்பு துண்டாகிவிடும். பட்டனை அழுத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?
சிங்கப்பூர் செல்லும் வாசகர்

போகலாம். உதிரி லித்தியம் செல்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. முனைகள் மூடியிருக்கட்டும்.

தாத்தாவின் பித்தளை டார்ச் இருக்கிறது, இரண்டு பெரிய பேட்டரி போடுவது. அதைப் பயன்படுத்த வழி உண்டா?
ஆசிரியை, காரைக்குடி

உண்டு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஸ்பிரிங்கையும் சுவிட்ச் தகட்டையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். அப்புறம் பழைய பல்பைக் கழற்றிப் பாருங்கள். திருகி மாட்டுவதா, விளிம்பு வைத்து உட்காருவதா என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் அதே அளவில் எல்.இ.டி. பல்பு வருகிறது. இரண்டு பேட்டரிக்கு 3 வோல்ட், அதைச் சொல்லி வாங்குங்கள். ஒளி குவியும் விதம் கொஞ்சம் மாறும், ஆனால் பழைய பல்பைவிட ஒரு ஜோடி பேட்டரி பல மடங்கு அதிகம் வரும். மாட்டி எரியவில்லை என்றால் பேட்டரி திசையைச் சரிபாருங்கள். பழைய இழை பல்பு எந்தத் திசையிலும் எரியும், எல்.இ.டி. அப்படி எரியாது.